பையில் இருந்த இருபத்திரண்டு படிவங்கள்

கையெழுத்தை வாங்கிவிட்டுத்தான் பூட்ஸைக் கொடுக்க வேண்டும். கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்த முதல் வாரம் நான் கற்றுக்கொண்டது அதுதான். பூட்ஸ் கைக்குப் போய்விட்டால் அப்புறம் பிள்ளைகளைப் பிடிக்க முடியாது.

எங்கள் உடற்கல்வி இயக்குநர்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ‘களத்தில் என் சாதனைகள்’ என்று நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். எத்தனை கோப்பை வாங்கினேன், பல்கலைக்கழக அணிக்கு எத்தனை பிள்ளைகளை அனுப்பினேன் என்று ஒரு பட்டியலைப் போட்டுக் கொடுத்திருந்தால் அவர்களுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. பாதி எழுதியும் வைத்திருந்தேன். அதற்குள் அபிஷாவின் போன் வந்தது.

நான் ஓய்வு பெற்ற நாற்காலியில் இப்போது இருப்பவள் அபிஷா. நல்ல ஆட்டக்காரி, படபடப்புக்காரி. அன்றைக்குக் குரலே சரியில்லை.

“மேடம், எனக்கு ஷோகாஸ் நோட்டீஸ் வந்திருக்கு.”

“எதுக்கு?”

“ஓ.டி.பி.க்கு மேடம்.”

எங்கள் காலத்தில் போட்டிக்குப் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு காகிதம் இருந்தது, தகுதிப் படிவம் என்று. இப்போது காகிதம் போய்ப் போர்ட்டல் வந்துவிட்டது. விளையாடப் போகும் பிள்ளை தன் போனுக்கு வரும் எண்ணை, இயக்குநர் முன்னிலையில், போர்ட்டலில் தானே தட்ட வேண்டும். பயிற்சிக்கு முன்னால் பிள்ளைகளின் போன்களை ஒரு கூடையில் வாங்கி வைப்பது எங்கள் கல்லூரி வழக்கம். கூடையில் போன்கள் கிடக்க, பிள்ளைகள் மைதானத்தைச் சுற்றி ஓட, அபிஷா நிழலில் மடிக்கணினியோடு உட்கார்ந்து பன்னிரண்டு எண்ணையும் தானே தட்டிவிட்டாள். பன்னிரண்டு பேரும் ஒரே கணினியில் ஒரே மூச்சில் ஒப்புதல் கொடுத்திருப்பதாகப் போர்ட்டல் காட்டிக்கொடுத்துவிட்டது.

“எல்லாரும் இப்படித்தான் செய்யுகாவ மேடம். வியாழக்கிழமை விசாரணை. வேற யாரெல்லாம் இப்படிச் செய்யுகாவன்னு கேட்டா நான் என்ன சொல்ல?”

முப்பத்திரண்டு வருடம் விசில் ஊதியவள் நான். கேள்வி கேட்டால் பதில் வாயிலேயே இருக்கும். அன்றைக்கோ, “அடுப்புல கிழங்கு கெடக்கு மக்கா, பிறகு கூப்பிடுகேன்” என்று வைத்துவிட்டேன். கிழங்கு அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது. அது குழைந்து அடிப்பிடிக்கும் வரைக்கும் இரணியல் ஸ்டேஷனுக்கு வந்து போகிற ரயில்களின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பழைய பயம் திரும்பி வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் சாதனை எழுத எனக்கு இனி மனசில்லை.

என் படிப்பையும் பயிற்சியையும் நாலு வரியில் முடித்துவிடலாம். கைப்பந்து ஆடினேன், கொஞ்சம் உயரம் இருந்தது, உடற்கல்வி படித்தேன், அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் வேலை கிடைத்தது. தக்கலை, கருங்கல், தோவாளை, கடற்கரை ஊர்கள் என்று எல்லாத் திசையிலிருந்தும் எங்களுக்குப் பிள்ளைகள் வந்தார்கள். கால் சட்டை போட்டு ஆட விடமாட்டேன் என்று சொன்ன அப்பாமார்களோடு சண்டை போட்டதில் முதல் பத்து வருடம் போயிற்று.

ஆட்டம் சொல்லிக்கொடுப்பது எங்கள் வேலையில் பாதிதான். மீதி பாதி காகிதம். தகுதிப் படிவத்தில் போட்டோ ஒட்ட வேண்டும், வருகைப் பதிவு சரிபார்த்துத் துறைத்தலைவர் கையெழுத்து, முதல்வர் கையெழுத்து, கல்லூரி முத்திரை. எல்லாவற்றுக்கும் கீழே பிள்ளையின் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் ‘என் முன்னிலையில் கையெழுத்திட்டார்’ என்ற வரி, தேதி, என் கையெழுத்து. போட்டிக்கு முந்திய முப்பது நாளுக்குள் போட்டதாக இருக்க வேண்டும். படித்தால் சுலபமாகத்தான் இருக்கும்.

ஆனால் அந்த நாளில் பிள்ளை கிடைக்க வேண்டுமே. கடற்கரைப் பிள்ளைக்கு ஊரில் கோயில் திருவிழா என்றால் பத்து நாள் ஆள் வராது. தோவாளைப் பக்கத்துப் பிள்ளைக்கு அறுவடை. இன்னொருத்திக்கு வளைகுடாவிலிருந்து அப்பா வந்திருப்பார். முதல்வர் ஊரில் இருக்கும் நாளில் பிள்ளை இல்லை, பிள்ளை இருக்கும் நாளில் முதல்வர் இல்லை. ஆகவே எங்கள் மாவட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஜூன் மாதம் பூட்ஸ் கொடுக்கும் நாளில், வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நாலைந்து வெற்றுப் படிவங்களில் கையெழுத்து வாங்கிவிடுவோம். ஒன்றும் எழுதாத தாள். அடியில் மட்டும் கையெழுத்து. கட்டிப் பீரோவில் வைத்துக்கொண்டு, போட்டி வரும்போது எடுத்து நிரப்பி, தேதி போட்டு, ‘என் முன்னிலையில்’ என்ற வரிக்குக் கீழே நம் கையெழுத்தைப் போட்டு அனுப்புவோம். இதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. முட்டிக்கு எண்ணெய் தேய்ப்பது மாதிரி அதுவும் ஒரு வேலை.

விதிகளால் அடி வாங்கியவர்களை நான் பார்க்காமல் இல்லை. உடன் வர வேண்டிய பெண் விரிவுரையாளருக்குக் காய்ச்சல் என்று, பெண்கள் அணியைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போன ஒரு பயிற்சியாளருக்கு ஒரு வருடத் தடை வந்தது. பிள்ளைகள் பத்திரமாகப் போய்ப் பத்திரமாக வந்தார்கள், ஜெயித்தும் வந்தார்கள். வேறொருவர் அடிபட்ட பிள்ளைக்குப் பதிலாகப் பட்டியலில் இல்லாத பிள்ளையைப் பெஞ்சில் உட்காரத்தான் வைத்தார், களத்தில் இறக்கவில்லை. அவருக்கும் மெமோ. அப்போதெல்லாம் நாங்கள் கேன்டீனில் சாயா குடித்துக்கொண்டு பல்கலைக்கழகத்தைத் திட்டினோம். நமக்கு வராது என்கிற தைரியம்தான்.

செலஸ்டின் கடற்கரைக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். கடலோரத்துக் கல்லூரி ஒன்றில் சுயநிதிப் பிரிவில் ஒப்பந்த வேலை, வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். முட்டியில் எப்போதும் ஒரு பட்டை. பெண்கள் கால்பந்து அணியை ஒன்றுமில்லாததிலிருந்து உண்டாக்கியவர். ஒரு தடவை பல்கலைக்கழக அணித் தேர்வு முகாம் எங்கள் கல்லூரியில் நடந்தது. எங்கள் கல்லூரிப் பிள்ளை ஒருத்தியின் படிவம் மழையில் நனைந்து கூழாகிவிட்டது. பீரோவைத் திறந்து, படிவக் கட்டிலிருந்து அவள் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்றை உருவி, செலஸ்டின் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிரப்பினேன்.

“உங்க காலேஜிலயும் இந்தச் சோலி உண்டா?” என்று கேட்டேன்.

“உண்டா இல்லியான்னா கேக்குறீங்க? எங்க பிள்ளைக பேரு எழுதப் படிச்சதே இந்தத் தாளுலதான் மேடம்” என்று சிரித்தார்.

நான் ஓய்வு பெற மூன்று வருடம் இருந்தபோது அவருடைய அணி கல்லூரிகளுக்கிடையிலான போட்டியின் இறுதி ஆட்டத்தில் ஜெயித்தது. முதல் கோப்பை. ஆட்டம் முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் தோற்ற கல்லூரி எழுத்துமூலம் முறையீடு கொடுத்தது. சகாய ஷைனி என்கிற பிள்ளையின் படிவம் போலி என்று. ஆதாரமாக ஒரு பத்திரிகைத் துண்டு. படிவத்தில் போட்டிருக்கும் தேதியில் ஷைனி கேரளத்தில் ஒரு கடற்கரைக் கால்பந்துப் போட்டியில் பரிசு வாங்கிக்கொண்டு நிற்கிறாள். அங்கே ஆடியது குற்றமில்லை. அங்கே நின்றவள் அதே நாளில் இங்கே செலஸ்டின் முன்னிலையில் எப்படிக் கையெழுத்துப் போட்டாள் என்பதுதான் கேள்வி.

பல்கலைக்கழக விளையாட்டுக் குழுச் செயலாளர் எனக்குப் போன் செய்தார். “மேடம், மூணு பேர் குழு. பெண்கள் போட்டிங்கறதால ஒரு பெண் உறுப்பினர் வேணும். நீங்க வரணும்.” நான் ஏதோ சாக்குச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே தொடர்ந்தார். “விசாரணை முடிஞ்சதும் பக்கத்துக் கல்லூரி ரெண்டு மூணுல படிவக் கோப்பைப் பார்த்துட்டுப் போகலாம்னு இருக்கேன்.”

அன்றிலிருந்து நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. என் பீரோவில் கட்டு இருக்கிறது. வரமாட்டேன் என்றால் ஏன் என்பார். போனால், செலஸ்டின் என் முகத்தைப் பார்ப்பார். அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். ஓய்வுக்கு மூன்று வருடம். ஒரு மெமோ வந்தால் ஓய்வூதியத்தில் கை வைப்பார்களா என்று அலுவலகத்தில் யாரிடமும் கேட்கக்கூட முடியவில்லை. கேட்டாலே சந்தேகம் வருமே. வீட்டுக்காரர் என் பதற்றத்தைப் பார்த்துவிட்டு, “என்னட்டி, ஒரே வெப்ராளமா இருக்க?” என்றார். பித்தம் என்று சொன்னேன்.

விசாரணை நாளன்று காலை ஏழு மணிக்கே கல்லூரிக்குப் போனேன். பீரோவைத் திறந்து எண்ணினேன். இருபத்திரண்டு தாள். எரித்துவிடுவதுதான் எண்ணம். பின்பக்கம் குப்பை எரிக்கும் இடத்துக்குப் போனால் அங்கே இரண்டு பேர் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். “என்ன மேடம், இவ்வளவு காலம்பற?” என்றார்கள். பட்டாம்பூச்சி பிடிக்க வந்தேன் என்றா சொல்ல முடியும்? திரும்பினேன். கிழித்துப் போடலாம் என்றால் கை வரவில்லை. அடுத்த வாரம் என் கைப்பந்து அணிக்குப் போட்டி இருந்தது, அதற்கு இந்தத் தாள்கள் வேண்டும். நாகர்கோவில் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஒரு காக்கி உறையில் போட்டு, கைப்பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் கூட்ட அறை. செயலாளர் முன்பே வந்திருந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியான, சத்தம் போடாத மனிதர். நான் உள்ளே போனதும் எழுந்து நின்றார். யாரைப் பார்த்தாலும் சார்தான், மாணவனைக்கூட. மேஜையில் ஒரு மரஸ்கேல், சிவப்பும் நீலமுமாக இருமுனைப் பென்சில், விதிப் புத்தகம். அந்தப் புத்தகத்தில் சிவப்புக் கோடு போடாத பக்கம் இல்லை, எல்லாக் கோடும் ஸ்கேல் வைத்துப் போட்டது. எல்லோருக்கும் சாயா வரவழைப்பார். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உண்டு. அவர் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும் வரை கேள்வி கேட்கமாட்டார். திட்டுகிற மேலதிகாரியிடம் எனக்குப் பயம் கிடையாது. இவரைக் கண்டால் முதுகுத்தண்டு நிமிர்ந்துகொள்ளும்.

மூன்றாவது உறுப்பினர் பூதப்பாண்டிக்காரர் தாணுமாலயன், வேறொரு கல்லூரியின் இயக்குநர். அன்று அவர் வயலுக்கு அறுவடை மெஷின் வருவதாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வாட்சைப் பார்த்தார். அவருடைய பீரோவில் எத்தனை தாள் இருந்ததோ, அது அவருக்கும் பகவானுக்கும்தான் வெளிச்சம்.

செலஸ்டின் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்தார். சாயா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு. நான் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“இந்தப் பெண் உங்க கல்லூரி மாணவிதானே சார்?”

“ஆமா சார்.”

“ஆள் மாறாட்டம் இல்ல. வருகைப் பதிவும் சரி.”

“எல்லாம் சரி சார்.”

“கையெழுத்தும் அவங்க போட்டதுதான்?”

“அவளேதான் போட்டா சார். ஜூன் மாசம், பூட்ஸ் குடுக்கச்சில. நான் தேதிய பிறகு போட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரியாது.”

“அப்ப தப்பு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?”

“தேதி, சார்.”

செயலாளர் ஸ்கேலை அந்த வரிக்குக் கீழே வைத்தார். “தேதி இல்ல சார். ‘என் முன்னிலையில்’னு நீங்க போட்ட கையெழுத்து. சின்ன விதி, பெரிய விதின்னு இந்தப் புத்தகத்துல ரெண்டு பாகம் இல்ல.”

பிறகு அச்சிட்ட வாசகத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று நினைத்தவர், என் பக்கம் திரும்பினார். “மேடம், உங்ககிட்ட எழுதாத படிவம் ஒண்ணு இருக்குமா?”

என் மடியில் இருபத்திரண்டு இருந்தது. “இல்ல சார்” என்றேன். குரல் எனக்கே வேறு யாரோ பேசுவதுபோலக் கேட்டது. செலஸ்டின் என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் பையைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார். ஒரு வினாடிதான். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அலுவலகத்திலிருந்து ஒரு வெற்றுப் படிவம் வந்தது.

அதற்கு அடுத்துத்தான் அந்தக் கேள்வி. “செலஸ்டின் சார், இப்படி முன்னாடியே கையெழுத்து வாங்கி வைக்கிற பழக்கம் வேற யாருக்காவது இருக்கா? உங்களுக்குத் தெரிஞ்சு?”

தாணுமாலயன் வாட்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். இப்போது சொல்லப்போகிறார், இப்போது சொல்லப்போகிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கைப்பையின் வார் உள்ளங்கையில் பதிந்து தடம் விழுந்திருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

“இல்ல சார். நான் மட்டும்தான்” என்றார் செலஸ்டின்.

அவரை வெளியே உட்காரச் சொன்னார்கள். செயலாளர் பென்சிலைக் கீழே வைத்தார். அவர் குரல் மாறியிருந்தது. “எச்சரிக்கை கொடுத்து விட்டுடலாமான்னு பார்க்கறேன். ஏமாத்தற மனுஷனாத் தெரியல. நான் வெளியூர்க்காரன். நீங்க ரெண்டு பேரும் களத்துல இருக்கறவங்க. இங்க நடைமுறை என்ன மேடம்? நீங்க சொல்லுங்க.”

செலஸ்டின் தப்பிக்க ஒரு கதவை அவரே திறந்து வைத்தார். ‘எல்லோரும் செய்கிறோம் சார், நானும் செய்கிறேன்’ என்று சொல்ல வேண்டாம். ‘கடற்கரைப் பிள்ளைகளை அந்த நாளில் பிடிப்பது கஷ்டம் சார், இந்த ஒருமுறை எச்சரிக்கை போதும்’ என்று சொல்லியிருந்தால் போதும். அதற்கும் எனக்குப் பயம். பரிந்து பேசினால், ஏன் பரிகிறாள் என்று யோசிப்பார். யோசித்தால் என் கல்லூரிக்கு வருவார்.

“விதி விதிதான் சார்” என்றேன்.

தாணுமாலயன், “மேடம் சொன்னதுதான் எனக்கும்” என்றார்.

செயலாளர் எங்கள் இருவரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். “நீங்களே இப்படிச் சொன்னா நான் மாத்திச் சொல்ல முடியாது” என்று பென்சிலை எடுத்தார். இரண்டு வருடத் தடை. கோப்பை திரும்ப வாங்கப்படும். பிள்ளைகளின் சான்றிதழ்கள் ரத்து. மூன்று பேர் கையெழுத்தும் வேண்டும். நான் இரண்டாவதாகப் போட்டேன். அன்றைய தேதியில், அவர் முன்னிலையில், விதிப்படி.

அன்று மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று செயலாளர் எந்தக் கல்லூரிக்கும் போகவில்லை. நான் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும். அடுத்த வாரம் அந்த இருபத்திரண்டில் பன்னிரண்டை நிரப்பி, தேதி போட்டு, ‘என் முன்னிலையில்’ என்று கையெழுத்திட்டு என் கைப்பந்து அணியை அனுப்பினேன். ஜெயித்து வந்தார்கள். பாதி எழுதி வைத்த சாதனைப் பட்டியலில் அந்தக் கோப்பைதான் முதலில் இருக்கிறது.

செலஸ்டினின் ஒப்பந்தத்தை அவர் கல்லூரி புதுப்பிக்கவில்லை. அவர் எங்கே போனார் என்று நான் விசாரிக்கவில்லை. நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை தூரத்தில் பார்த்துவிட்டு, வேண்டாத பஸ்ஸில் ஏறிச் சுசீந்திரம் வரை போய்த் திரும்பினேன். பணி நிறைவு விழாவில் என்னைப் பற்றிப் பேசியவர்கள், ‘விதி தவறாத மேடம்’ என்றார்கள். மாலையைக் கழற்றி வைத்துவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அபிஷா போன் செய்த மறுநாள் அவரைப் பற்றி விசாரித்தேன். கருங்கல்லுக்குப் பக்கத்தில் செலஸ்டின் டர்ஃப் மைதானம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறார் என்றார்கள். வலைபோட்ட, பச்சைப் பிளாஸ்டிக் புல். மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து ஆடுகிறார்கள். மாலை நாலு மணிக்குப் போனேன். முட்டியில் அதே பட்டை, தலை நன்றாக நரைத்திருந்தது.

“மேடமா? வாங்க, வாங்க. வழி தெரிஞ்சுதா?” என்று பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். உள்ளே வங்கி ஊழியர்கள் சிலர் வயிறு குலுங்க ஓடிக்கொண்டிருந்தார்கள்.

வழியெல்லாம் தயார் செய்த பேச்சு மறந்துவிட்டது. நேராகவே கேட்டேன். “அண்ணைக்கு நீங்க என் பேரச் சொல்லியிருக்கலாம். பையில என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியும். ஏன் சொல்லல்ல?”

அவர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “உங்க பேரச் சொன்னா உங்களையும் வெளிய அனுப்பியிருப்பாவ. அப்பம் உள்ள எனக்காவப் பேச யாரு இருப்பா? மூணு பேருல எனக்குத் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்திதான். உள்ள இருந்து பேசுவீங்கன்னு நெனச்சேன்.” வாட்சில் மணி பார்த்துக்கொண்டார். “பேசியிருப்பீங்க. அந்த மனுஷன் கேட்டிருக்க மாட்டாரு. அதுக்கு நீங்க என்ன செய்ய முடியும்?”

இத்தனை வருடமாக அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் அப்படியே தலையாட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்ல வேண்டியதில்லை.

“அவரு எச்சரிக்கையோட விடப் பார்த்தாரு, செலஸ்டின். எங்கிட்டதான் கேட்டாரு. விதி விதிதான்னு நான்தான் சொன்னேன்.”

உள்ளே யாரோ கோல் போட்டுக் கத்தினார்கள். அவர் முட்டிப் பட்டையைக் கழற்றி, உதறி, மறுபடியும் கட்டினார். கட்டி முடிக்க வெகுநேரம் எடுத்தது.

“இத நீங்க எனக்குச் சொல்லாம இருந்திருக்கலாம்” என்றார்.

“மன்னிச்சிரணும்” என்றேன். அழுகை வந்தது, அடக்கவில்லை.

“அந்தப் பிள்ளை ஷைனி இப்பம் திருச்சூர்ல துணிக்கடையில நிக்கா. போலீசு வேலைக்கு ஓட்டம், நீளம் தாண்டல் எல்லாம் பாஸாகி, சர்ட்டிபிகேட் இல்லாம திரும்பி வந்தா.” அவர் எழுந்தார். “மணியாச்சு மேடம். அடுத்த டீம் நிக்காவ.” விசிலை எடுத்துக்கொண்டு வலைக்கதவைத் திறந்து உள்ளே போனார். நான் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்பி வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அபிஷாவைக் கூப்பிட்டேன்.

“மக்கா, வியாழக்கிழமை எத்தன மணிக்கு?”

“பத்து மணிக்கு மேடம். எனக்குக் கையும் காலும் ஓடல்ல. வேற யாரு செய்யுகான்னு கேட்டா…”

“என் பேரச் சொல்லு.”

“மேடம்? நீங்க ரிட்டையர்டு. உங்க காலத்துல போர்ட்டலே கெடையாதே!”

“தாளு இருந்துதே. முதப் பேரா என் பேரச் சொல்லு. நான் வெளிய பெஞ்சுல இருப்பேன். கூப்பிட்டா உள்ள வருகேன்.”

ஓய்வூதியம் என்னாகும் என்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கக்கூட நான் யாரிடமும் இன்னும் போகவில்லை. ‘விதி தவறாத மேடம்’ என்று சொன்னவர்கள் இந்த மலரில் இதைப் போடுவார்களா என்பதும் தெரியாது.

மீதிப் பத்துத் தாள்களும் என்னிடம் இருக்கின்றன. மேலே ஒன்றும் எழுதவில்லை, அடியில் பிள்ளைகளின் கையெழுத்து மட்டும். பழைய காக்கி உறையிலேயே போட்டு, அதே கைப்பையில் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை டிபன் பாக்ஸுக்கு மேலே வைத்திருக்கிறேன், கேட்டால் சட்டென்று எடுக்க.